கல்வி வள்ளல் அழகப்பர்

பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததையும் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்ததையும் தமிழ்க் குழந்தைகள் பள்ளிப் பருவத்திலேயே படித்து விடுகிறார்கள். கொடை என்றவுடன் நம் மனம் அந்தப் பழங்காலத்திற்கே ஓடுகின்றது. ஆனால் ரயிலும் தந்தியும் விமானமும் வந்துவிட்ட காலத்தில், நம் பாட்டனார் கண்ணெதிரே வாழ்ந்த ஒரு வணிகர், தாம் ஈட்டிய பொருளில் பெரும் பகுதியைக் கல்லூரிகளாகவும் ஆராய்ச்சிக் கூடமாகவும் மாற்றி வைத்துவிட்டு, 48 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னதாக மறைந்து போனார். அவரே செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த டாக்டர் ராம. அழகப்பச் செட்டியார். தாய்நாட்டை விட்டு ஐதராபாத்–செகந்திராபாத் இரட்டை நகரில் வந்து வாழும் நம் இளைஞர்கள் இவர் வரலாற்றை அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இச்சிறு கட்டுரையை வரையலானேன்.

மகமை என்னும் மரபு

அழகப்பரை அறிய வேண்டுமாயின் அவர் பிறந்த நாட்டையும் குலத்தையும் முதற்கண் அறிதல் வேண்டும். செட்டிநாடு மழை குறைந்த நாடு. ஆறு இல்லை. ஊருணியில் தேங்கும் நீரே குடிநீர். மண் வளம் தராத காரணத்தால் நகரத்தார் கடல் கடந்து பொருள் தேடினர். இலங்கை, பர்மா, மலேயா ஆகிய நாடுகளில் அவர்களுடைய கடைகள் பெருகின. பத்து, பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன், கணக்கு எழுதிப் பழகி, அடுத்தாளாகி, பின் மேலாளாகித் தன் சொந்த விலாசத்தில் கடை வைப்பது அவர்களது வழக்கம்.

அக்கடைகளின் பேரேட்டில் மகமை என்றொரு கணக்கு உண்டு. ஈட்டிய இலாபத்தில் ஒரு பங்கு தருமத்திற்கென்று தனியே பற்று எழுதப்படும். அப்பணம் முதலாளியினுடையது அன்று. இறைவனுடையது என்பது கருத்து. அம்மகமைப் பணமே தமிழகமெங்கும் கோயில் திருப்பணிகளாகவும், சத்திரங்களாகவும், வேத பாடசாலைகளாகவும், ஊருணிகளாகவும் விளங்கிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபு ஒரு புதிய திசையில் திரும்பியது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929-இல் அது அண்ணாமலைப் பல்கலைக் கழகமாக மலர்ந்தது. கோயிலுக்குச் சென்ற மகமை கல்லூரிக்கும் செல்லலாம் என்பதை அவர் காட்டினார். அவ்வழியில் நடந்து, அதனினும் ஒரு படி மேலே சென்றவர் அழகப்பர். மகமை என்பது இலாபத்தில் ஒரு பங்கு. அழகப்பரோ, வாழ்வின் பிற்பகுதியில், முதலையே மகமையாக எழுதி வைத்தார்.

பிறப்பும் கல்வியும்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாக அழகப்பர் தோன்றினார். குல வழக்கப்படி கணக்கும் கடையும் பழகிப் பர்மாவுக்குக் கப்பல் ஏற வேண்டிய வயதில், அவர் படிப்பை விடவில்லை. காரைக்குடியில் பள்ளிக் கல்வியை முடித்துச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. வணிகக் குடியில் பிறந்த இளைஞர் இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெறுவது அந்நாளில் மிக அரிது.

பின்னர் அவர் இலண்டன் நகரம் சென்றார். அங்கே மிடில் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தில் பயின்று பாரிஸ்டர் ஆனார். இலண்டன் சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி பெற்றார். அவ்வங்கி பயிற்சிக்கு ஏற்றுக்கொண்ட முதல் இந்தியர் இவரே என்பர். வட்டித் தொழில் நடத்திய குலத்தில் வந்தவர், உலக வாணிபத்தின் நடுவிடத்தில் அமர்ந்து வங்கி முறையைக் கற்றார். இவற்றோடு அமையாமல், இலண்டனுக்கு அருகிலுள்ள கிராய்டன் விமான நிலையத்தில் விமானம் ஓட்டவும் பழகிச் சான்றிதழ் பெற்றார்.

வணிகத் துறையில்

தாயகம் திரும்பிய அழகப்பர் குலத் தொழிலாகிய வட்டிக்கடையோடு நிற்க விரும்பவில்லை. பிறர்க்குக் கடன் கொடுத்துப் பொருள் ஈட்டுவதினும், பொருளை உண்டாக்கும் தொழில்களை நிறுவுவதே வருங்காலத்திற்கு ஏற்றது எனக் கண்டார். 1937-இல் கொச்சி சமஸ்தானத்தில், திருச்சூரை அடுத்த புதுக்காட்டுப் பகுதியில் நூற்பாலை ஒன்றைத் தொடங்கினார். ஆலையைச் சுற்றி ஊர் ஒன்று வளர்ந்தது. அவ்வூருக்கு அழகப்ப நகர் என்றே பெயர் ஆயிற்று. மலையாள நாட்டில் ஒரு தமிழ் வணிகர் பெயரால் ஊர் இன்றும் வழங்குகின்றது.

மலேயாவில் ரப்பர்த் தோட்டங்களும் வெள்ளீயச் சுரங்கங்களும் அவர் கைக்கு வந்தன. காப்புறுதி, உணவு விடுதி, பங்கு வாணிபம் ஆகிய பல துறைகளிலும் அவர் ஈடுபட்டார். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஜூப்பிட்டர் ஏர்வேஸ் என்னும் விமானக் கம்பெனியையும் நடத்தினார். பொருள் வந்த வேகத்தைப் போலவே அவர் துணிவும் பெரிது. துணிவு பெரிதாயின் இழப்பும் பெரிதாதல் வணிகத்தின் இயல்பு. அவர் இரண்டையும் கண்டவர்.

இரண்டாம் உலகப் போரின் முடிவை ஒட்டி ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. நாடு விடுதலை அடைந்ததும் அப்பட்டத்தை அவர் துறந்து விட்டார். அதன்பின் அவர் பெயரோடு நின்ற பட்டம் மக்கள் அன்போடு அழைத்த வள்ளல் என்பதே ஆகும்.

முதற் கொடைகள்

போர் நடந்த ஆண்டுகளிலேயே அவருடைய கல்விக் கொடை தொடங்கி விட்டது. திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகத்தில் தமிழ்த் துறை அமைவதற்காக ஒரு இலட்சம் ரூபாய் வழங்கினார். மலையாளம் வழங்கும் நாட்டின் தலைநகரில் உயர்கல்வி நிலையம் ஒன்றில் தமிழுக்கு இருக்கை தேடித் தந்த செயல் அது. பிற மொழி வழங்கும் நாட்டில் வாழும் நமக்கு அதன் அருமை நன்கு விளங்கும்.

அடுத்து வந்த கொடை இன்னும் பெரிது. 1944-இல் சென்னைப் பல்கலைக் கழகம் தொழில் நுட்பக் கல்லூரி ஒன்றை அமைக்க முற்பட்டபோது, அழகப்பர் ஐந்து இலட்சம் ரூபாய் அளித்தார். கிண்டியில் பொறியியற் கல்லூரிக்குப் பக்கத்தில் எழுந்த அக்கல்லூரியே அழகப்பச் செட்டியார் தொழில் நுட்பக் கல்லூரி. சுருக்கமாக ஏ.சி. டெக் என்பர். இரசாயனப் பொறியியல், துணி நுட்பம், தோல் நுட்பம் ஆகியவை அங்கே கற்பிக்கப் பெற்றன.

இத்துறைகளைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாளில் நம் ஆலைகளுக்கு இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. இயந்திரத்தைப் பூட்டி ஓட்டிக் காட்டும் நிபுணரும் அங்கிருந்தே வந்தார். நம் நாட்டுத் தோல் பதனிடாமலோ பாதி பதனிட்ட நிலையிலோ கப்பலேறியது. ஆலை முதலாளியாகிய அழகப்பருக்கு இக்குறை ஏட்டுச் செய்தி அன்று. நாள்தோறும் கண்ட செய்தி. படித்த பிள்ளைகள் குமாஸ்தா வேலையை நாடி அலையும் நாட்டில், தொழிலறிந்த பிள்ளைகளை உண்டாக்கும் கல்லூரி எது என்று தெரிந்தே அவர் பொருள் கொடுத்தார். 1978-இல் அக்கல்லூரி இன்றைய அண்ணா பல்கலைக் கழகத்தின் ஓர் அங்கமாயிற்று.

ஆறு வாரத்தில் ஒரு கல்லூரி

1947 ஜூலைத் திங்களின் தொடக்கத்தில் சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையாரின் நூற்றாண்டை ஒட்டி ஒரு கூட்டம் நிகழ்ந்தது. சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அதிற் பேசினார். கல்லூரிகள் எல்லாம் சென்னையிலும் சில பெரு நகரங்களிலும் அடங்கிக் கிடப்பதை எடுத்துக் கூறி, மாவட்டங்களில் கல்லூரி தொடங்கச் செல்வர் முன்வர வேண்டுமென்று வேண்டிக் கொண்டார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக வாக்களித்தார்.

வாக்குறுதி கூறுவோர் பலர். ஆனால் அந்த ஆகஸ்டு 11-ஆம் நாளே, ஆறு வாரத்திற்குள்ளாக, காரைக்குடியில் காந்தி மாளிகை என்னும் கட்டடத்தில் அழகப்பா கலைக் கல்லூரி தொடங்கி விட்டது. நாடு விடுதலை பெறுவதற்கு நான்கு நாள்களே இருந்தன. நிலம் வாங்கி, கட்டடம் எழுப்பி, நல்ல நாள் பார்த்துத் தொடங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. வணிகத்தில் உண்டியலுக்குக் கெடு நாள் உண்டு. கெடுவுக்குள் பணம் கட்டாதவன் பெயர் கெடும். தரும வாக்கையும் அவர் அவ்வாறே எண்ணினார் போலும்.

அக்கல்லூரியால் விளைந்த பயன் யாது? அதற்கு முன் காரைக்குடிப் பிள்ளை பட்டப் படிப்புப் படிக்க வேண்டுமாயின் புதுக்கோட்டைக்கோ மதுரைக்கோ திருச்சிக்கோ செல்ல வேண்டும். இருப்புப் பாதை இருந்ததே எனலாம். ஆயினும் பாதை மட்டும் போதுமா? வெளியூரில் தங்க இடமும் உணவும் வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அது பொருட்டன்று. கடைச் சிப்பந்தியின் மகனுக்கும் சிறு விவசாயியின் மகனுக்கும் அதுவே பெருந்தடை.

இதனை யான் நூலிற் படித்து எழுதவில்லை. பள்ளி இறுதி வகுப்போடு நின்று ரயில்வேப் பணிக்கு வந்தவன் யான். எங்கள் ஊரிலிருந்து கல்லூரி நாற்பது கல் தொலைவு. கல்லூரிக் கட்டணத்தை எப்படியோ புரட்டிவிடலாம் என்று என் தந்தையார் கணக்கிட்டார். விடுதிச் செலவைக் கணக்கிட்டபோது பேனாவைக் கீழே வைத்து விட்டார். என் உடன் படித்தவன் ஒருவன், கல்லூரி உள்ள ஊரில் மாமன் வீடு இருந்த ஒரே காரணத்தால் பட்டதாரி ஆனான். அறிவில் எங்களுக்குள் பெரிய வேற்றுமை இல்லை; வேற்றுமை தொலைவில் இருந்தது. காலையில் வீட்டில் உண்டு கல்லூரிக்குச் சென்று மாலையில் வீடு திரும்பக் கூடிய தொலைவில் கல்லூரி இருப்பதே ஏழைக்கு முதல் உதவிச் சம்பளம். பெண் பிள்ளைகளுக்கோ இது இன்னும் பொருந்தும். அழகப்பர் செய்தது அதுவே.

கலைக் கல்லூரிக்குப் பின் ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் தோன்றின. 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. 1952-இல் பொறியியற் கல்லூரி. அப்பத்தாண்டுக்குள்ளேயே பாலிடெக்னிக்கும் உடற்பயிற்சிக் கல்லூரியும். சிறுவர் பள்ளி முதல் பொறியியற் கல்லூரி வரை ஒரே வளாகத்தில் அமைந்தன. மழலையாய் நுழைந்த குழந்தை பட்டதாரியாய் வெளிவரலாம் என்னும் நிலை, ஊருணி நீரை நம்பி வாழ்ந்த அவ்வறண்ட ஊருக்கு வாய்த்தது. பெண் கல்விக்காகத் தாம் வாழ்ந்த மாளிகையையே அவர் விட்டுக் கொடுத்த செய்தியைச் செட்டிநாட்டு மக்கள் இன்றும் பேசுவர்.

பொட்டலில் எழுந்த ஆராய்ச்சிக் கூடம்

விடுதலை பெற்ற இந்தியாவில் தேசிய ஆராய்ச்சிக் கூடங்கள் பல நிறுவ வேண்டுமென்று பிரதமர் நேரு விரும்பினார். அப்பணி அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுவிடம் ஒப்படைக்கப் பெற்றது. டாக்டர் சாந்தி சுவரூப் பட்நாகர் அதன் தலைமை ஏற்று நடத்தினார். அவற்றுள் ஒன்று மின் வேதியியல் ஆராய்ச்சிக் கூடம். இத்தகைய நிலையம் பெரு நகரத்திலேயே அமையும் என எவரும் எண்ணுவர். அழகப்பர் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தருவதாக முன்வந்தார். 1948 ஜூலை 25-ஆம் நாள் நேரு பெருமகனார் காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு பொங்கல் நன்னாளாகிய ஜனவரி 14-இல் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார்.

மின் வேதியியல் என்றால் நம்மில் பலர்க்குப் புதிய சொல்லாகத் தோன்றலாம். பாட்டரி, உலோக முலாம், அலுமினியம் பிரித்தெடுத்தல், இரும்பு துருப்பிடியாமற் காத்தல் ஆகிய யாவும் அதில் அடங்கும். ரயில் பெட்டியின் விளக்கும் கைகாட்டியின் மின்சாரமும் பாட்டரியை நம்பி இருந்ததை எம் துறையினர் அறிவர். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தின் இரும்பை உப்புக் காற்று ஓயாது அரித்து வந்ததையும் அறிவர். அக்கடற்கரையில் மண்டபத்தில் காரைக்குடிக் கூடத்தின் கிளை நிலையம் ஒன்று அரிப்பை ஆராய்கின்றது. நம் நகரில் தார்நாகாவில் உள்ள இந்திய வேதியியல் தொழில் நுட்ப ஆராய்ச்சி நிலையமும் அதே அறிவியல் குழுவைச் சேர்ந்ததுதான். தலைநகருக்குரிய ஒன்றை ஒரு சிற்றூர் பெற்றது, ஒரு தனி மனிதர் தம் பொருளால் அதற்கு இடம் தேடித் தந்தமையால்.

நோயும் இழப்பும்

இத்துணைக் கொடையும் வளமான காலத்தில் நிகழ்ந்தது என்று எண்ணல் ஆகாது. 1941-42-இல் ஜப்பானியர் பர்மாவிலும் மலேயாவிலும் புகுந்தபோது நகரத்தார் செல்வம் பெரிதும் சிதைந்தது. கணக்கேட்டில் இருந்த பணம் கைக்கு வரவில்லை. விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பல கைச்செலவைச் சுருக்கிக் கொண்டன. அழகப்பருடைய தொழில்களிலும் இழப்புகள் நேர்ந்தன. விமானக் கம்பெனி நெடுநாள் நிலைக்கவில்லை. இவற்றோடு கொடிய நோய் ஒன்றும் அவர் உடலைப் பற்றி ஆண்டுக் கணக்கில் வருத்தியது.

பொருள் குறையும்போது கையை மூடிக்கொள்வது உலக இயற்கை. அதனைக் குறை என்றும் சொல்ல இயலாது. நோயுற்றவர் மருந்துக்கும் மக்களுக்கும் பொருளைக் காத்து வைப்பதும் இயற்கையே. ஆனால் அழகப்பர் கொடுத்த பட்டியலைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இளமையும் இலாபமும் நிறைந்த நாளில் அவர் கொடுத்ததைவிட, நோயும் இழப்பும் சூழ்ந்த நாளில் கொடுத்ததே மிகுதி. 1947 முதல் 1957 வரை அமைந்த பத்தே ஆண்டுகளில் காரைக்குடி நிலையங்கள் யாவும் எழுந்தன. தமக்கு நாள் குறைவு என்பதை அவர் உணர்ந்திருக்கக் கூடும்.

1956-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் காலமானார்.

ஐந்தொகை

நகரத்தார் கணக்கை முடிக்கும்போது ஐந்தொகை போடுவர். வரவு, செலவு, இருப்பு யாவும் ஒரு தாளில் தெரியும். அழகப்பர் வாழ்க்கைக்கு இன்று ஒருவர் ஐந்தொகை போட்டால் என்ன தெரியும்?

அவர் தமக்கென்று நடத்திய தொழில்களைப் பாருங்கள். விமானக் கம்பெனி மறைந்தது. 1953-இல் உள்நாட்டு விமானப் போக்குவரத்தே அரசுடைமை ஆயிற்று. கொச்சி நூற்பாலை பின்னாளில் மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழகத்தின் கைக்குச் சென்றது. திருவிதாங்கூருக்கு ஈந்த பொருளோ இன்றும் கேரளப் பல்கலைக் கழகத்தின் தமிழ்த் துறையாக நிற்கின்றது. சென்னைக்கு ஈந்தது அண்ணா பல்கலைக் கழகத்தில் நிற்கின்றது. காரைக்குடிக்கு ஈந்தது 1985-இல் அழகப்பா பல்கலைக் கழகமாக விரிந்தது. கலைக் கல்லூரி, பொறியியற் கல்லூரி, பாலிடெக்னிக் ஆகியவற்றை அரசு ஏற்று அவர் பெயராலேயே நடத்துகின்றது. 2007-இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. வைத்துக் கொண்டது கை மாறிற்று. கொடுத்தது அவர் பெயரிலேயே இருக்கின்றது.

அவர் ஒருவரே அனைத்தையும் செய்தார் என்று கூறுவதும் முறையன்று. வேண்டுகோள் விடுக்க ஒரு துணைவேந்தர் இருந்தார். ஆராய்ச்சியை விரும்பும் பிரதமர் இருந்தார். பின்னர்ப் பொறுப்பை ஏற்க அரசும் இருந்தது. ஆயினும் கேட்டவுடன் எழுந்து நின்றவர் ஒருவர் இல்லையேல், வேண்டுகோள் வெறும் பேச்சாகவும் திட்டம் வெறும் தாளாகவும் முடிந்திருக்கும்.

அன்பர்களே! நம் சங்கத்து உறுப்பினர்களுள் கோடீசுவரர் மிகச் சிலரே. பெரும்பாலோர் மாதச் சம்பளத்தில் வாழ்பவர். 300 ஏக்கர் நிலத்தை ஈய நம்மால் இயலாது. ஆனால் மகமை என்னும் வழக்கம் செல்வர்க்கு மட்டும் உரியதன்று; சிறு கடைக்காரரும் தம் இலாபத்தில் சிறு பங்கை எடுத்து வைத்தனர். இவ்விரட்டை நகரில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. லாலாகுடாவிலும் மௌலாலியிலும் தச்சு வேலை, இட்டிலிக் கடை, வீட்டு வேலை என்று பிழைப்போர் பிள்ளைகள், பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டும் இடத்தில் கட்டணத்தாலோ தொலைவாலோ நின்று விடலாகாது. ஒவ்வொரு வீட்டிலும் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தருமக் கணக்கில் பற்று எழுதி, ஆண்டுக்கு ஓரிரு பிள்ளைகளையேனும் சங்கம் கல்லூரிக்கு அனுப்புமாயின், அழகப்பர் பெயரை நாம் மேடையில் சொல்வதற்கு உரிமை உண்டாகும். வாக்களித்தால் ஆறு வாரத்திற்குள் தொடங்குவோமாக.

வாழ்க வள்ளல் அழகப்பர் புகழ்!